மண்ணுக்குள் ஒரு துப்புரவுப் படை

மல்லிகை மணக்கும் நிலக்கோட்டையிலும், காய்கறிச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஒட்டன்சத்திரத்திலும் பயிரைப் பூச்சி தாக்கினால் உழவர் 'மருந்து' அடிக்கின்றனர். அதில் ஒரு பகுதியே பூச்சியைச் சேர்கிறது. மற்றொரு பகுதி மண்ணில் விழுகிறது. அதன்பின் அது என்னவாகிறது என்று நாம் சிந்தித்ததுண்டா?

வளமான மண் ஒரு கிராமில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, பூஞ்சைகளும் உண்டு. நஞ்சு விழுந்ததும் இவற்றுள் சில மடிகின்றன. சில தாங்கி நிற்கின்றன. வேறு சிலவோ நொதிகளைச் சுரந்து அந்நஞ்சையே சிதைத்து உணவாக்கிக் கொண்டு பெருகுகின்றன.

பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதனை ஆராய்ந்தவர் இந்திய அறிஞர் சேதுநாதன். டயசினான் என்னும் மருந்தை மீண்டும் மீண்டும் இட்ட வயல்நீரில், அது முன்னிலும் விரைவாக மறைவதை அவரும் உடன் ஆய்ந்தோரும் கண்டனர். அதைச் சிதைக்கும் ஃபிளேவோபாக்டீரியத்தை 1973-ல் உலகுக்கு அறிவித்தனர். பின்னர் 1990-ல், கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தார், பி.எச்.சி.யைச் சிதைக்கும் பாக்டீரியத்தைக் கரும்பின் வேரடி மண்ணில் கண்டனர்.

மருந்து மறைவது நிலத்துக்கு நன்மையே. ஆனால் பூச்சி சாகுமுன்பே மறைந்துவிட்டால்? உழவர் அளவைக் கூட்டுவார், செலவும் கூடும். ஒரே மருந்தைத் தொடர்ந்து அடிக்கலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிதைவதெல்லாம் நஞ்சு நீங்குவதாகாது. எண்டோசல்பானைச் சில பூஞ்சைகள் எண்டோசல்பான் சல்பேட்டாக மாற்றுகின்றன. அதுவும் நஞ்சே, மண்ணில் இன்னும் நெடுநாள் தங்குவது. டி.டி.டி.யிலிருந்து பிறக்கும் டி.டி.இ.யும் எளிதில் அழியாது. நம் நாட்டில் டி.டி.டி.யை வேளாண்மையில் பயன்படுத்துவது 1989-ல் விலக்கப்பட்டது, பி.எச்.சி. 1997-லும், எண்டோசல்பான் 2011-லும் தடை செய்யப்பட்டன.

நமது திண்டுக்கல் சமவெளி மழை குறைந்த பூமி. மண் காய்ந்தாலும், மட்கு குறைந்தாலும் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகும். ஆகவே தொழுவுரமும் தழையுரமும் இடுவது பயிருக்கு மட்டுமன்று, இந்தத் துப்புரவுப் படைக்கும் உணவிடுவதாகும். மருந்து தெளித்த கருவியைக் கிணற்றடியில் கழுவவே கூடாது. மேல்மண்ணில் உள்ள அளவு நுண்ணுயிர்கள் நிலத்தடி நீரில் இல்லை. அங்கு இறங்கிய நஞ்சு எளிதில் சிதையாது.

தோழியரே, தோட்டம் வைத்திருக்கும் நம் வீட்டாரிடம் இதை எடுத்துச் சொல்வோம். கண்ணுக்குத் தெரியாத இவ்வுழைப்பாளரை நாம் காத்தால், அவை நம் மண்ணையும் குடிநீரையும் காக்கும்.