காவலி என்னும் சொல்

எங்கள் விஞ்ஞான பாடநூல்களில், மின்சாரத்தைச் செல்லவிடாத பொருளுக்குக் ‘காவலி’ என்று பெயர். தமிழ் கற்பிக்கும் எனக்கு இச்சொல்லின்மேல் தனிப்பற்று உண்டு. பரண்மேல் விழித்திருந்து யானையிடமிருந்து பயிர்காத்த வன்னி மக்களுக்குக் காவலின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆக்குவதினும் காப்பதே அரிது. நிலத்தடி மின்வடத்தின் வரலாறும் இதனையே கூறும்.

1890 ஆம் ஆண்டையொட்டி, பெரண்டி என்னும் இளைஞர் தெப்த்பேட் மின்னிலையத்திலிருந்து இலண்டன் நகருக்கு 10,000 வோல்ற்று மின்சாரத்தை மண்ணுக்கடியிற் கொண்டுசென்றார். ஒன்றனுள் ஒன்றாக இரு செப்புக் குழாய்கள். இடையே மெழுகில் தோய்ந்த கடதாசி. இதுவே அவர் கண்ட காவல். அஞ்சியோரின் ஐயம் அகற்ற, மின்னோடும் வடத்தில் இரும்புளியை அறைந்து காட்டினர். உளியைப் பிடித்த உதவியாளருக்கு ஊறு நேரவில்லை. புறக்குழாய் நிலத்தோடு இணைக்கப்பட்டிருந்ததே காரணம்.

வோல்ற்று உயர உயர வேறொரு பகை தோன்றிற்று. வடம் சூடேறி ஆறும்போது கடதாசிக்குள் நுண்ணிய வெற்றிடங்கள் உண்டாகும். அவற்றில் எழும் சிறு மின்பொறிகள் காவலை உள்ளிருந்தே அரித்துவிடும். இத்தாலியரான எமனுவேலி, வடத்தினுள் அழுத்தத்தோடு மெல்லிய எண்ணெயை நிறுத்தி அவ்வெற்றிடங்களை ஒழித்தார். 1927 இல் நியூயோர்க்கிலும் சிக்காக்கோவிலும் 1,32,000 வோல்ற்று வடங்கள் இம்முறையில் இயங்கின. ஏட்டுச்சுவடிக்கு எண்ணெய் பூசிக் காத்த நம் முன்னோர் இதனைக் கேட்டால் முறுவலித்திருப்பர்.

1960களில், மூலக்கூறுகள் குறுக்கே பிணைக்கப்பட்ட பொலித்தீன் வந்தது. எண்ணெய் வேண்டாத இக்காவலால், 2000 ஆம் ஆண்டில் தோக்கியோவில் 5,00,000 வோல்ற்று வடம் ஏறத்தாழ 40 கிலோமீற்றருக்கு அமைந்தது. ஆயினும் ஈரம் புகுந்தால் இதனுள்ளும் மரக்கிளைபோல் வெடிப்புப் படரும்.

நம் வன்னியில் இத்தகைய வடம் ஏன் இல்லை என மாணவர் கேட்பர். போரால் அறுபட்ட 1,32,000 வோல்ற்று இணைப்பு, 2013 ஆம் ஆண்டளவில் வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு மீண்டது கோபுரங்களின் மீதே. வெளியில் காற்றே விலையில்லாக் காவலி. நிலத்தடி வடத்துக்கோ செலவு பன்மடங்கு. ஆதலின் நெருங்கிய கொழும்பு நகருக்கு அதுவும், பரந்த வன்னிக்கு இதுவும் பொருந்தின.

குப்பிவிளக்கில் ஒரு தலைமுறை படித்த மண் இது. வெளிச்சம் மீண்டமை மட்டும் போதாது. அவ்வெளிச்சத்தை ஆளும் அறிவும் நம் பிள்ளைகளுக்குத் தம்மொழியில் வாய்க்கவேண்டும். ‘காவலி’ போன்ற சொற்கள் தேர்வுத்தாளோடு ஒடுங்காமல், பட்டறையிலும் தொழிற்கூடத்திலும் வழங்குதல் வேண்டும். சொல்லுக்கு வழக்கே காவல்.