குப்பை யார் கையில் போக வேண்டும்?

புனேயில் வாழும் நம்மவர் வீடுகளில் நாளிதழ்களையும் தமிழ் வார இதழ்களையும் அடுக்கி வைத்து, ரத்திவாலாவுக்கு எடைக்குப் போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. காகிதம், அட்டைப்பெட்டி, இரும்பு, பித்தளை ஆகியவற்றுக்கு அவர் காசு தருவார். சிப்ஸ் உறையையும் உடைந்த கண்ணாடியையும் தொட மாட்டார். விலை போகாத அந்தச் சரக்கை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. இதற்கு நம் நாட்டிலேயே மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதலாவது, மாநகராட்சி வண்டி. இந்தூரில் தனித்தனி அறைகள் கொண்ட வண்டி வீடு தேடி வருகிறது. தேசியத் தூய்மைக் கணக்கெடுப்பில் அவ்வூர் 2017 முதல் 2023 வரை தொடர்ந்து முதலிடம் பெற்றது. ஆனால் வண்டி, எரிபொருள், பிரிக்கும் நிலையம் என்று முதலீடு அதிகம்.

இரண்டாவது, பெங்களூரு போல வார்டு வாரியாக உலர் கழிவு மையங்கள் அமைப்பது. பொருள் ஓரிடத்தில் சேர்வதால் பிரிப்பதும் விற்பதும் எளிது. எனினும் அங்கே வந்து சேரும் உலர் கழிவு சுத்தமாக இல்லாவிட்டால் மையத்தால் பயனில்லை.

மூன்றாவது, நம் புனேயின் வழி. குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் 1993-இல் ஒரு சங்கம் கண்டனர். காகிதம், கண்ணாடி, தகரம் என்ற சொற்களே அதன் பெயரில் உள்ளன. அதிலிருந்து பிறந்த ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்பு, 2008-இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்து வீடுவீடாகச் சேகரிக்கத் தொடங்கியது. வீட்டுக்காரர் மாதக் கட்டணம் தருகிறார். உலர் பொருளை விற்று வரும் காசு தொழிலாளிக்கே சேருகிறது. ஆகவே ஒவ்வொரு பாட்டிலையும் பிரித்தெடுப்பதில் அவருக்கு அக்கறை உண்டு. பாரம் சுமப்பது, வெறுங்கையால் அழுக்கைத் தொடுவது ஆகியவை இம்முறையின் கஷ்டங்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பல ஊர்களுக்கான வேகன்களைக் கலந்து அனுப்பினால், யார்டில் பிரித்துக் கோக்க எஞ்சினும் நேரமும் வீணாகும். புறப்படும் நிலையத்திலேயே ஓர் ஊருக்கு ஒரு ரேக் என்று ஏற்றினால் அந்த வேலையே இல்லை. குப்பைக்குப் புறப்படும் நிலையம் நம் சமையலறை.

எங்கள் குடியிருப்பில் இப்போது ஒரு யோசனை எழுந்துள்ளது. கட்டணம் குறைவு என்பதால் ஒரு கான்டிராக்டரின் லாரிக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமாம். அப்படிச் செய்தால், இத்தனை நாள் வந்துகொண்டிருக்கும் இரண்டு பெண்மணிகளின் பிழைப்பு போய்விடும். கலந்து ஏற்றும் லாரியில் நனைந்த காகிதத்தை யாரும் வாங்கவும் மாட்டார்கள். மாதம் சில ரூபாய் மிச்சத்துக்காக இதைச் செய்யலாகாது என்பதே என் கருத்து. பொதுக்குழுவிலும் இதையே சொல்லப் போகிறேன்.

எந்த முறையானாலும் நம் பங்கு ஒன்றே. ஈரக் குப்பையைத் தனியே வையுங்கள். எண்ணெய்க் கவரையும் தயிர் டப்பாவையும் அலசிக் காயவைத்துக் கொடுங்கள். சானிட்டரி நாப்கினையும் குழந்தைகளின் டயாபரையும் காகிதத்தில் சுற்றி, சிவப்புப் புள்ளி வையுங்கள். பிரிப்பவர் அதைத் திறந்து பார்க்க நேராது. உடைந்த கண்ணாடியை அட்டைப்பெட்டியில் போட்டு, சொல்லிக் கொடுங்கள். நம் வீட்டுக் குப்பையைத் தொடுவதும் ஒரு மனிதக் கைதானே!