காளையைத் தடுக்கும் வேலி

உத்தரப் பிரதேசத்தில் பல ஊர்களில் உழவர்கள் இரவில் தூங்குவதில்லை. கையில் தடியும் டார்ச் விளக்குமாக வயலில் காவல் இருக்கிறார்கள். யாருக்குப் பயந்து? திருடனுக்கா? இல்லை. காளைகளுக்கு!

முன்பு காளை ஏர் இழுத்தது. வண்டி இழுத்தது. பிறகு டிராக்டர் வந்தது. காளைக்கு வேலை போனது. தீனி போட முடியாதவர்கள் அதை அவிழ்த்து விட்டார்கள். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கேட்பாரற்றுத் திரிந்த மாடுகள் சுமார் 50 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் சுமார் 12 லட்சம். நாலு காளைகள் புகுந்தால் போதும். விளைந்த கோதுமை ஒரே இரவில் பாழ்.

இதைத் தடுக்கச் சிலர் என்ன செய்கிறார்கள்? மின்கம்பத்தில் கொக்கி போட்டு, வேலிக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். இது கொலைக்குச் சமம்.

அந்த மின்சாரம் 230 வோல்ட். அது இடைவிடாமல் பாயும். தொட்டவரின் தசை இறுகிவிடும். கையை எடுக்க முடியாது. இதயம் நின்றுவிடும். காளை மட்டுமா சாகும்? ஆட்டைத் தேடி வரும் சிறுவன் சாவான். இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரர் சாவார். வேலி போட்டவரே சாகலாம்.

கொக்கி போடுவது மின்திருட்டும் ஆகும். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி இதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. உயிர் போனால் அதற்குத் தனி வழக்கு.

அப்படியானால் சரியான மின்வேலி எது?

அது பேட்டரியில் ஓடும். சூரிய ஒளித் தகடு பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். நடுவே ஒரு கருவி இருக்கும். அது சுமார் ஒரு நொடிக்கு ஒரு முறை, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாக, மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும்.

இதன் வோல்ட் பல ஆயிரம். பயமாக இருக்கிறதா? வோல்ட் அதிகம்தான். ஆனால் மின்சாரம் ஒரு கணம்தான் பாயும். உடனே நின்றுவிடும். காளைக்குச் சுரீர் என்று வலிக்கும். விலகிக்கொள்ள அதற்கு நேரம் கிடைக்கும். உயிர் போகாது. பட்ட வலியை அது மறக்காது.

இவற்றைக் கவனியுங்கள்:

தரமான கருவியையே வாங்குங்கள். நீங்களாகவே செய்யாதீர்கள்.

ஒரு கம்பி காளையின் மூக்கு உயரத்தில் இருக்கட்டும். மூக்கில் ஈரம் உண்டு. ஷாக் நன்றாகத் தெரியும்.

முள்கம்பியில் மின்சாரம் விடாதீர்கள். மாடு அதில் சிக்கிக்கொள்ளும்.

மண்ணில் அடிக்கும் 'எர்த்' கம்பி முக்கியம். மின்சாரம் காளையின் உடல் வழியே மண்ணுக்குப் போய், அந்தக் கம்பி வழியாகக் கருவிக்குத் திரும்ப வேண்டும். மண் காய்ந்தால் ஷாக் குறையும். கோடையில் அங்கே தண்ணீர் ஊற்றுங்கள்.

புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் மின்சாரம் வீணாகும். அடிக்கடி வெட்டிவிடுங்கள்.

எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள். படிக்காதவருக்கும் புரியும்படி படம் போடுங்கள்.

இன்னொன்று. உங்கள் வேலியில் அடிபட்ட காளை எங்கே போகும்? வேலி இல்லாத அடுத்த வயலுக்குப் போகும். அதற்கும் பசிக்கிறதே! ஆகவே ஊர் கூடிப் பேசுங்கள். வேலியைச் சேர்ந்து போடுங்கள். திரியும் மாடுகளுக்குத் தொழுவமும் தீனியும் தரப் பஞ்சாயத்தில் வழி கேளுங்கள்.

பயிரும் பிழைக்க வேண்டும். காளையும் பிழைக்க வேண்டும். மனிதரும் பிழைக்க வேண்டும்.