பட்டியலின் பொய்யை வட்டம் காட்டும்

50 மாணவரிடம் விசாரித்ததாக ஒரு பட்டியல்: கிரிக்கெட் ஆடுவோர் 28, கபடி 26, சதுரங்கம் 15. கிரிக்கெட்டும் கபடியும் ஆடுவோர் 15, கபடியும் சதுரங்கமும் 9, கிரிக்கெட்டும் சதுரங்கமும் 12, மூன்றும் 4. எதுவுமே ஆடாதவர் எத்தனை பேர்?

சூத்திரப்படி, ஆடுவோர் 69 − 36 + 4 = 37. ஆகவே விடை 13. சரிதானே?

அவசரப்படாதீர்கள். ஜான் வென் 1880-இல் வெளியிட்ட முறைப்படி, ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள் வரையுங்கள். நடுவிலிருந்து தொடங்குவதே நல்லது. மூன்றும் சந்திக்கும் இடத்தில் 4. அந்த நால்வரும் 15, 9, 12 ஆகிய மூன்றிலும் அடங்கியவர்கள். கழித்தால் 11, 5, 8. (பலர் சறுக்குவது இங்கேதான்.) இனி, சதுரங்கம் மட்டும் ஆடுவோர்: 15 − (5 + 8 + 4) = −2.

மைனஸ் இரண்டு மாணவர்களா! பட்டியலே தவறு. சூத்திரம் மொத்தத்தை மட்டும் பார்ப்பதால் இதைக் கண்டுகொள்ளவில்லை. மற்ற எண்கள் சரியென்றால், சதுரங்கம் ஆடுவோர் குறைந்தது 17 பேராவது இருக்கவேண்டும்.