கப்பலில் 'ஸ்டார்போர்ட்' எந்தப் பக்கம்?

கப்பலில் ஏறி, அதன் முகப்பைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட், இடக்கைப் பக்கம் போர்ட்.

வலம், இடம் என்றே சொன்னால் என்ன? நீங்கள் முகப்பைப் பார்த்து நிற்க, எதிரே ஒருவர் உங்களைப் பார்த்து நிற்கிறார். உங்கள் வலம் அவருக்கு இடம். புயல் நேரத்தில் "வலப்பக்கம் ஓடு" என்றால் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். ஸ்டார்போர்ட் கப்பலுடைய வலப்பக்கம். நீங்கள் எப்படித் திரும்பி நின்றாலும் மாறாது.

'ஸ்டார்' என்று தொடங்குகிறதே, நட்சத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இல்லை. பழைய ஆங்கிலத்தில் இதற்குக் 'கப்பலைத் திருப்பும் பக்கம்' என்று பொருள். அந்தக் காலத்தில் சுக்கான் (கப்பலைத் திருப்பும் பலகை) பின்புறத்தின் நடுவில் இல்லை. பெரிய துடுப்பொன்றை வலப்பக்கத்தில் கட்டி, அதைப் பிடித்துத் திருப்பினார்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள்தானே அதிகம். நார்வேயில் 1904-ல் தோண்டி எடுத்த ஓசபெர்க் கப்பலிலும் அந்தத் துடுப்பு வலப்பக்கத்தில்தான் இருக்கிறது.

துடுப்பு நசுங்கக் கூடாது என்று இடப்பக்கத்தைத் துறையை ஒட்டி நிறுத்தினார்கள். சரக்கு ஏறுவதும் அந்தப் பக்கம்தான். இடப்பக்கத்துக்கு முன்பெல்லாம் 'லார்போர்ட்' என்று பெயர். ஸ்டார்போர்ட், லார்போர்ட் இரண்டையும் காற்றிரைச்சலில் கத்திப் பாருங்கள், குழப்பம் புரியும். 1844-ல் பிரிட்டிஷ் கடற்படையும் 1846-ல் அமெரிக்கக் கடற்படையும் லார்போர்ட்டைக் கைவிட்டு, 'போர்ட்' என்றே சொல்ல வேண்டும் என உத்தரவிட்டன.

டைட்டானிக் கதை படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பனிமலையைக் கண்டதும் ஸ்டார்போர்ட் என்று ஆணையிட்டார்கள். கப்பலோ இடப்பக்கம் திரும்பியது. ஆணை தவறா? இல்லை. சுக்கான் பிடியை (சுக்கானைத் திருப்பும் கட்டையை) வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். அன்றைய ஆணை கப்பலுக்கு அல்ல, அந்தப் பிடிக்கு. பிடிக்குப் பதில் திருப்பும் சக்கரம் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. பிரிட்டன் 1933-ல்தான் இதை மாற்றியது.

இதெல்லாம் நமக்கு எதற்கு? இரவில் கப்பலின் ஸ்டார்போர்ட் பக்கம் பச்சை விளக்கும் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கும் எரியும். விமானத்தின் இறக்கை நுனிகளிலும் அப்படித்தான். பச்சை மட்டும் தெரிந்தால் கப்பல் உங்கள் முன்னே இடமிருந்து வலமாகப் போகிறது. சிவப்பு மட்டும் தெரிந்தால் வலமிருந்து இடமாக.

இரண்டும் சேர்ந்து தெரிகிறதா? கப்பல் உங்களை நோக்கியே வருகிறது. எந்திரக் கலங்கள் இரண்டு நேருக்கு நேர் வந்தால், இரண்டும் தத்தம் ஸ்டார்போர்ட் பக்கம் விலக வேண்டும் என்பது சர்வதேச விதி. படகில் கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதை அவசியம் சொல்லி வையுங்கள்.