வைத்தியரின் கண்ணும் முழங்காலின் துள்ளலும்

நோயாளி கட்டிலின் விளிம்பிற் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கிறார். முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே வைத்தியர் இறப்பர்ச் சுத்தியலால் தட்டுகிறார். கால் துள்ளி எழுகிறது. அத்துள்ளலைக் கண்ணாற் கண்டே வைத்தியர் ஓர் இலக்கம் குறிக்கிறார். சென்ற மாதம் 2 என்றிருந்தது இம்மாதம் வேறொரு வைத்தியரிடம் 3 ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். மாறியது நோயா, கண்ணா?

இத்துள்ளலைப் பற்றி எர்ப், வெஸ்ற்பால் என்னும் ஜேர்மானிய வைத்தியர் இருவர் 1875ஆம் ஆண்டில் ஒரே சஞ்சிகையிலே தனித்தனியாக எழுதினர். கண்ட காட்சி ஒன்று. கொண்ட கருத்தோ வேறு. தசை தானே நேராகச் சுருங்குகிறது என்றார் வெஸ்ற்பால். முண்ணாண் வழியாக நிகழும் தெறிவினை என்றார் எர்ப். அவர் கூற்றே நிலைத்தது. தட்டும்போது தொடையின் முன்தசை இழுபடுகிறது; அச்செய்தி முண்ணாணை அடைந்து, மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் திரும்பி வந்து தசையைச் சுருக்குகிறது.

இதனை அளக்க 0 முதல் 4 வரையுள்ள அளவை ஒன்று வழங்குகிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை அளவைக்கு ஒன்பது படிகள். முதலாவது அளவையில் வைத்தியர்கள் பெரிதும் ஒத்துப்போயினர் என 1996இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. ஆனால் 1998இல் நெதர்லாந்து வைத்தியர்கள் இரண்டையும் பரீட்சித்தபோது, ஒரே நோயாளிக்கு வெவ்வேறு வைத்தியர் இட்ட இலக்கங்களிடையே ஒற்றுமை சொற்பமாகவே இருந்தது. விடைத்தாள் திருத்தும் எமக்கு இது வியப்பன்று. ஒரே கட்டுரைக்கு ஒருவர் 55 இடுவார், மற்றவர் 68 இடுவார். இரு கட்டுரைகளை அருகருகே வைத்தால், எது சிறந்ததென்பதில் இருவரும் பெரும்பாலும் உடன்படுவர்.

சுத்தியல் விழும் இடமும் வேகமும் துள்ளலை மாற்றும். நோயாளி தசையை இறுக்கிக்கொண்டாலும் மாறும். கைவிரல்களைக் கோத்து இழுக்கச் செய்தால் துள்ளல் மிகும் என்பதை ஹங்கேரி வைத்தியர் யென்றாசிக் 1885இல் எழுதினார். முன்கூட்டி அறிந்த செய்தியும் கண்ணை மயக்கும். உள்ளங்காற் தெறிவினை பற்றி 1977இல் நெதர்லாந்தில் நடந்த சோதனையில், தெளிவற்ற படக்காட்சிகளோடு வெவ்வேறு நோய்க்கதைகள் கூறப்பட்டன. கதைக்கேற்பத் தீர்ப்பும் சாய்ந்தது.

சுகதேகிகளிலும் சிலருக்கு இயல்பாகவே துள்ளல் மிகுதி; சிலருக்குக் குறைவு. ஆதலின் தனியொரு இலக்கத்தைக் கண்டு வீட்டார் கலங்க வேண்டியதில்லை. ஒரு கால் துள்ள மறுகால் அசையாதிருப்பின், அது வேறு விடயம். அனுபவம் மிக்க வைத்தியர் வலது காலைத் தட்டி, இடது காலைத் தட்டி, ஐயம் எழுந்தால் மீண்டும் வலது காலுக்கே வருவது அதனாலேதான்.