அலுமினியத் தகட்டில் மின்சாரம் துடித்தால் பச்சை ஒளி எழுவது எப்படி?

அலுமினியப் பாத்திரத்தை எவ்வளவு தேய்த்தாலும், வெறும் அலுமினியத்தை உங்கள் விரல் தொடவே முடியாது. காற்று பட்டதுமே அதன்மேல் ஆக்சைடு படலம் படர்ந்துவிடும். தடிமன் சில நானோமீட்டர்தான்.

அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. பிறகு, நீர்க் கரைசலில் மூழ்கிய தகட்டுக்கு மின்துடிப்பு கொடுத்தால் எலக்ட்ரான் எப்படி வெளியே வருகிறது?

படலம் அத்தனை மெல்லியது என்பதால், குவாண்டம் விதிப்படி அதை ஊடுருவியே வந்துவிடுகிறது. அதுவும் வேகத்தோடு! தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், தண்ணீர் பீய்ச்சியடிக்கும். தடை இருப்பதால்தான் எலக்ட்ரானுக்கும் அந்த வீறு. படலமில்லாத உலோகத்தில் இவ்வளவு அழுத்தம் கொடுத்தால், பெரும்பாலும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழிகள்தான் கிளம்பும்.

அந்தக் கரைசலில் டெர்பியம் என்ற உலோகத்தின் அயனியை அணைத்தபடி ஒரு கரிம மூலக்கூறு மிதக்கிறது. வேகமாக வந்த எலக்ட்ரான் அதில் ஏறிக்கொள்கிறது. இன்னோர் எலக்ட்ரான், கரைசலில் கலந்த பெர்சல்ஃபேட் என்ற வேதிப்பொருளை உடைக்கிறது. உடைந்த துண்டுக்கோ எலக்ட்ரான் பசி. மூலக்கூறிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் மிஞ்சும் ஆற்றல் டெர்பியத்துக்குப் போய், பச்சை ஒளியாக வெளிவருகிறது.

இதில் மிக அழகானது நேரக் கணக்கு. மின்துடிப்பு நின்றதும் தகட்டின் சொந்த மினுக்கம் சட்டென அணைந்துவிடும். டெர்பியமோ மில்லிநொடிக் கணக்கில் ஒளிரும். சற்றே காத்திருந்து அளந்தால் அதன் ஒளி மட்டும் தெரியும். நோயைக் காட்டும் புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடியில் டெர்பியத்தை ஒட்டிவிட்டால், ரத்தத்தில் அந்தப் புரதம் மிகச் சிறிதளவு இருந்தாலும் இப்படிக் கண்டுபிடிக்கலாம்.